சத்தத்தைத் தேடிப் போன சர் சி.வி. ராமன்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஆளுக்கொரு விஞ்ஞானியைப் பற்றி எழுத வேண்டும் என்று அறிவியல் ஐயா சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு வந்த சீட்டில் சர் சி.வி. ராமன் என்று இருந்தது. வீட்டுக்குப் போனதும் என் தங்கச்சி சீட்டைப் பார்த்துவிட்டு, கிரிவலப் பாதையில் ஆசிரமம் இருக்கே, அவரைப் பத்தியா எழுதப் போறேன்னு கேட்டாள். நம்ம ஊரில் பிறந்த பிள்ளைக்கு அப்படித்தான் தோணும். இல்ல பாப்பா, அவர் ரமணர், இவர் ராமன், வேற ஆள்னு சொல்லிப் புரிய வைத்தேன்.

உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கும் ராமனைப் பற்றி இரண்டே விஷயம்தான் தெரியும். நோபல் பரிசு வாங்கினார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்த பிறகுதான், அவர் வெளிச்சத்தை ஆராய்ச்சி செய்ததைப் போலவே சத்தத்தையும் பல வருஷம் ஆராய்ச்சி செய்தவர் என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குளத்தில் மிதந்த இலை

முதலில் ஒரு சின்னக் கதை. தெப்பத் திருவிழா நடக்கிற நம்ம அய்யங்குளத்துப் படியில் உட்கார்ந்து ஒருநாள் கல்லு போட்டுக் கொண்டிருந்தேன். வட்டம் வட்டமாக அலை கிளம்பிப் படிக்கு வந்தது. பக்கத்தில் ஒரு அரச இலை மிதந்தது. அலை இலையைத் தாண்டி வந்துவிட்டது, ஆனால் இலை வரவில்லை. இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆடிக்கொண்டு நின்றது. அலைன்னா தண்ணிதானே, தண்ணி கரைக்கு வந்தா இலை ஏன் வரல? இதை வகுப்பில் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு நாள் போய் இன்னும் நல்லா பாருன்னு சொன்னார்.

பார்த்தேன். தண்ணீர் பயணம் செய்வதில்லை. ஒரு இடத்துத் தண்ணீர் ஆடி, பக்கத்துத் தண்ணீரை ஆட்டி விடுகிறது. ஆட்டம்தான் நகர்ந்து போகிறது. சினிமா டிக்கெட் வரிசையில் பின்னால் ஒருத்தன் தள்ளினால் முன்னால் நிற்பவன் வரைக்கும் இடி வருமே, தள்ளினவன் மட்டும் அங்கேயே நிற்பானே, அது மாதிரி.

இன்னொன்றும் பார்த்தேன். படிக்கட்டில் முட்டிய அலை செத்துப் போகவில்லை. திரும்பி வந்தது. நேரான கல் சுவரில் முட்டிய வட்ட அலை, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தன் கல்லு போட்டதைப் போல வட்டமாகவே திரும்பியது. போகிற அலையும் வருகிற அலையும் குறுக்கே சந்தித்தபோது ஒன்றை ஒன்று உடைக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தன் வழியே போய்விட்டன. இப்படி முட்டித் திரும்புவதைத்தான் பாடத்தில் எதிரொலிப்பு என்கிறார்கள். எந்தக் கோணத்தில் போய் முட்டுகிறதோ அதே கோணத்தில் திரும்பும்.

ராமனின் வாழ்க்கையைப் படிக்க இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அலையில் பொருள் போவதில்லை, ஆட்டம்தான் போகிறது. இரண்டு, ஓரத்தில் முட்டிய அலை திரும்பி வரும்.

பிறப்பும் படிப்பும்

சந்திரசேகர வெங்கட ராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர், அம்மா பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே போனது. கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்த அந்த அப்பாவுக்கு வயலின் வாசிக்கவும் தெரியும். ஆக, புத்தகமும் சத்தமும் ஒரே வீட்டில் இருந்தன.

ராமன் 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார். நமக்கு 11 வயதில் ஆறாம் வகுப்பு! பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். 1906-இல், மாணவராக இருந்தபோதே, அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டனில் அச்சானது. அப்போது அவருக்கு 18 வயது.

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த ஊர்க் குளிரை இவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நிதித்துறைப் பரீட்சை எழுதித் தேறி, 1907-இல் கல்கத்தாவில் கணக்கு அலுவலக அதிகாரி ஆனார். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. அந்த அம்மாவுக்கு வீணை வாசிக்கத் தெரியும்.

அலுவலகம் முடிந்ததும் ஆராய்ச்சி

நல்ல சம்பளம், பெரிய பதவி. வேறு யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாக இருந்திருப்பார்கள். ராமனால் முடியவில்லை. கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று ஒரு நிறுவனம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-இல் ஆரம்பித்தது. ராமன் அங்கே போன காலத்தில் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லாமல் கிடந்தது. காலையில் அலுவலகம் போவதற்கு முன்னாலும், சாயங்காலம் அலுவலகம் முடிந்த பின்னாலும் ராமன் அங்கே போய் வேலை செய்தார். அசுதோஷ் டே என்ற உதவியாளர் கூட இருந்தார். பத்து வருஷம் இப்படியே ஓடியது. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் ஆனபோதும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை.

அங்கே என்ன ஆராய்ந்தார் என்கிறீர்களா? கம்பியை! வயலின், வீணை, தம்புரா, ஊர்ப் பாட்டுக்காரர்கள் மீட்டுகிற ஒற்றைத் தந்தி ஏக்தாரா, எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, கம்பி எப்படி ஆடுகிறது என்று பார்த்தார்.

இங்கே குளத்தை நினைத்துப் பாருங்கள். கம்பியைத் தட்டினால் அதில் ஒரு அலை ஓடும். கம்பியின் முனை கட்டியிருப்பதால் அங்கே முட்டித் திரும்பும். போகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றாகச் சேரும்போது, கம்பியில் சில இடம் ஆடாமல் அப்படியே நிற்கும், சில இடம் நிறைய ஆடும். இதற்கு நிலை அலை என்று பெயர். கம்பி முழுசாக ஒரு தடவை ஆடும் நேரத்தில், அதன் பாதி இரண்டு தடவையும் மூன்றில் ஒரு பங்கு மூன்று தடவையும் ஆடும். இப்படி 1, 2, 3, 4 என்று மடங்காக அதிர்வெண் வருவதால்தான் காதுக்கு அது இனிமையான சுருதியாகக் கேட்கிறது.

1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டது. அரசாங்க வேலையை விடக் குறைந்த சம்பளம். ஆனாலும் போனார். வில் போட்டு வாசிக்கிற கம்பி எப்படி ஆடுகிறது என்று 1918-இல் ஒரு தனி நூலே எழுதினார். ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் வில் போட வேண்டும், மனிதக் கை அப்படிப் போடாது என்பதால் வயலின் வாசிக்க ஒரு இயந்திரம் செய்து வைத்துச் சோதனை செய்தார்.

ரகசியம் பேசும் சுவர்

1921-இல் ராமன் முதல் முறையாக இங்கிலாந்து போனார். லண்டனில் புனித பவுல் தேவாலயம் என்று பெரிய கோபுரக் கூண்டு உள்ள கட்டிடம் இருக்கிறது. அந்தக் கூண்டின் உள்பக்கம் வட்டமான நடை மாடம் ஒன்று ஓடுகிறது. அங்கே ஒருத்தர் சுவர் ஓரமாகக் கிசுகிசுத்தால், நேர் எதிரே 30 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறவர் காதைச் சுவர் ஓரம் வைத்தால் கேட்கும். நடுவில் நிற்கிறவருக்குக் கேட்காது.

இதற்குக் காரணமும் எதிரொலிப்புதான். சத்தம் வட்டச் சுவரில் சாய்வாக முட்டுகிறது, திரும்புகிறது, கொஞ்சம் தள்ளி மறுபடி முட்டுகிறது, மறுபடி திரும்புகிறது. இப்படிச் சுவரை ஒட்டிக்கொண்டே சுற்றி வந்துவிடுகிறது. இதை ராலே பிரபு என்ற ஆங்கில விஞ்ஞானி முன்பே சொல்லியிருந்தார். ராமன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு போகவில்லை. சதர்லாண்ட் என்பவரோடு சேர்ந்து அங்கேயே சோதனை செய்தார். சுவரை விட்டு உள்ளே தள்ளித் தள்ளி வரும்போது சத்தம் ஒரே சீராகக் குறையவில்லை, கூடுவதும் குறைவதுமாக இருந்தது என்று கண்டுபிடித்தார். பெரிய விஞ்ஞானி சொன்னாலும் நாமும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது என்று இதிலிருந்து தெரிகிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு பீஜப்பூரில் இருக்கிற கோல் கும்பஸ் மாதிரி நம் நாட்டு மண்டபங்களிலும் இந்த ஆராய்ச்சியைச் செய்தார்.

இதைப் படித்துவிட்டு நானும் சும்மா இருக்கவில்லை. நம்ம மைதானத்து ஓரத்தில் இருக்கிற நீளச் சுவரில் இருந்து 45 மீட்டர் தள்ளி நின்றேன். டேப்பும் ஸ்டாப் வாட்சும் விளையாட்டு ஐயா தந்தார். ஒரு கைத்தட்டல், அதன் எதிரொலி, அடுத்த கைத்தட்டல் என்று மூன்றும் சம இடைவெளியில் வருகிற மாதிரி தாளமாகத் தட்டினேன். பழக ரெண்டு நாள் ஆச்சு. 20 இடைவெளிக்கு 10.4 வினாடி வந்தது. அப்படியானால் ஒரு இடைவெளி 0.52 வினாடி. எதிரொலி பாதியில் வருவதால் அது போய்த் திரும்ப 0.26 வினாடி. தூரம் போக 45, வர 45, மொத்தம் 90 மீட்டர். வகுத்தால் வினாடிக்கு 346 மீட்டர். புத்தகத்தில் இருக்கிற ஒலியின் வேகம் என் ரெண்டு கையிலேயே கிடைத்துவிட்டது! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

தீபத்தன்று வெடி போட்டால் மலையில் முட்டிச் சத்தம் திரும்பி வருவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அடுத்த தீபத்துக்கு எண்ணிப் பாருங்கள். 3 வினாடி கழித்து வந்தால், முட்டின பாறை சுமார் 500 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கு.

கடலும் நோபல் பரிசும்

இங்கிலாந்தில் இருந்து நார்குண்டா என்ற கப்பலில் ராமன் திரும்பினார். மத்திய தரைக்கடலின் ஆழமான நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்து நீலம் தண்ணீரில் எதிரொளிப்பதால்தான் கடல் நீலம் என்று அதே ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் கையில் இருந்த நிக்கல் பட்டகம் என்ற சின்னக் கருவியை வைத்து, மேற்பரப்பில் இருந்து எதிரொளித்து வருகிற வெளிச்சத்தை மட்டும் மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே வெளிச்சத்தைச் சிதற அடிக்கின்றன என்று முடிவுக்கு வந்தார்.

அந்த வழியிலேயே ஏழு வருஷம் நடந்தார். கூட உழைத்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பொருளில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்கிறது என்பதே அது. 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலில் அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆசியர் அவர்தான்.

மறுபடியும் மிருதங்கம்

1933-இல் ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். உலகமே புகழ்ந்த அந்த நேரத்தில், 1934-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை எதைப் பற்றித் தெரியுமா? மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றி! 1920-இலேயே சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து ஆரம்பித்த வேலை அது.

மேல்நாட்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு ஒன்று சொல்லியிருந்தார்கள். வட்டமாக இழுத்துக் கட்டின தோலில் அலை ஓரத்தில் முட்டித் திரும்பும்போது, கம்பியில் வருகிற மாதிரி 1, 2, 3 என்று மடங்கு வராது. 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால் தோல் கருவியில் தாளம் உண்டு, சுருதி கிடையாது. அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் அது வெறும் தோலுக்கான கணக்கு.

மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்குமே, அதற்குக் கரணை என்று பெயர். கறுப்புக் கல்லைப் பொடியாக்கிச் சோற்றோடு பிசைந்து, மெல்லிசாக ஒரு பூச்சு, அதைத் தேய்த்துக் காயவிட்டு இன்னொரு பூச்சு என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். நடுவில் கனமாக, ஓரத்தில் மெல்லிசாக. இந்தக் கனம் நடுவில் இருப்பதால் தோலில் அலை ஓடுகிற விதமே மாறிவிடுகிறது. மிருதங்கத்தில் 1, 2, 3, 4, 5 என்று மடங்காகவே அதிர்வெண் வருகிறது என்று ராமன் நிரூபித்தார். தோல் மேலே மெல்லிய மணலைத் தூவி, தட்டியதும் மணல் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, ஆடாத கோடுகளைக் கண்டுபிடித்தார். இதைக் கண்டுபிடித்த நம் நாட்டுப் பழைய ஆட்களுக்கு ஒலியைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பாராட்டியும் எழுதினார்.

என் சொந்தக் காரணம்

இப்போது சொல்கிறேன். என் அப்பா மிருதங்கம் ரிப்பேர் செய்கிறவர். வீட்டுத் திண்ணைதான் அவருக்குக் கடை. மார்கழி வந்தால் பஜனை கோஷ்டிக்காரங்க வரிசையா கொண்டு வந்து வைப்பாங்க. வார் இழுப்பது, தோல் மாற்றுவது, கரணை போடுவது எல்லாம் அவர்தான். தோல் ஊறும்போது வாடை வரும். போன வருஷம் நோட்டு வாங்க வீட்டுக்கு வந்த ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். மறுநாள் வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. அது என்ன என்று எழுத மாட்டேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அப்பா டெய்லர் என்று சொல்ல ஆரம்பித்தேன். இந்த வருஷம் உங்களில் சில பேரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

1934-ஆம் வருஷக் கட்டுரையைப் பற்றிப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நோபல் பரிசு வாங்கினவர் மிருதங்கத் தோலைக் கையால் தொட்டு, மணல் தூவி, குனிந்து பார்த்திருக்கிறார். அந்த வேலையைத்தான் நான் மறைத்தேன்.

மறுநாள் காய்ந்த மெல்லிய மணல் கொண்டு போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் தோல் கெட்டுப் போகும்னு திட்டினார். அப்புறம் பழைய மிருதங்கம் ஒன்றை எடுத்து வைத்து, ஒரு விரலை லேசாகத் தோலில் ஊன்றி இன்னொரு விரலால் மீட்டினார். மணல் குதித்து நடுவில் ஒரு கோடாக ஒதுங்கியது. விரலை மாற்றினார். கோடும் மாறியது. நான் 1, 2, 3 கணக்கைச் சொன்னேன். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தின அப்பா, அந்தக் கணக்கு தனக்குத் தெரியாது என்றும், ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிப் பார்ப்பதாகவும், நாதம் ஓரத்திலும் நடுவிலும் சேரும் வரைக்கும் பூச்சு போடுவதாகவும் சொன்னார். ராமன் கருவி வைத்துக் கண்டதை அப்பா காதை வைத்துக் காண்கிறார். கரணையை முதன்முதலில் கண்டுபிடித்தவர் பெயர் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரும் என் அப்பா மாதிரி ஏதோ ஒரு திண்ணையில் உட்கார்ந்துதான் தட்டித் தட்டிப் பார்த்திருப்பார்.

மறைவு

ராமன் 1948-இல் பெங்களூரில் தன் பெயரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21-இல் காலமானார். அவர் விருப்பப்படி அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். அங்கே ஒரு மரம் நட்டிருக்கிறார்கள். பெரிய சமாதி எதுவும் கிடையாது.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான் நண்பர்களே. குளத்து இலை, சுவர் எதிரொலி, வீட்டுத் திண்ணை மிருதங்கம், எதுவும் கேள்வி கேட்கத் தகுதி இல்லாத பொருள் இல்லை. யாராவது கேள்வி கேட்டால் சிரிக்காதீங்க. அவன் எதையோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான்.

வருகிற வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் என் அப்பா ஒரு மிருதங்கத்தோடு நம் அறிவியல் மன்றத்துக்கு வருகிறார். ரொம்ப யோசித்துத்தான் சரி என்றார். மணல் நான் கொண்டு வருகிறேன். எல்லாரும் வாங்க. போன வருஷம் மூக்கைப் பொத்தினவனும் வரலாம். அவன் மேல எனக்குக் கோபம் இல்ல.

செய்து பாருங்கள்!

1. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு சொட்டு விடுங்கள். அலை ஓரத்தில் முட்டி மறுபடி நடுவில் வந்து கூடுகிறதா?

2. மூடிய கதவில் இருந்து 5 மீட்டர் தள்ளி நின்று தட்டினால் எதிரொலி தனியாகக் கேட்காது. ஏன்? (விடை: இரண்டு சத்தத்தை நம் காது பிரித்துக் கேட்க 0.1 வினாடி இடைவெளி வேண்டும். அதற்குச் சுவர் குறைந்தது சுமார் 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.)



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன், மிருதங்கம் ரிப்பேர் செய்பவரின் மகன்